கரைச்சல் கொடுக்காத மனிதர்

எங்கள் அத்தான் கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். குடிக்கமாட்டார். கை நீட்டமாட்டார். அக்காவை ஒருநாளும் 'நீ' என்று அழைத்ததில்லை, 'நீர்' என்றுதான். நான் சிட்னி விமான நிலையத்தில் வந்து இறங்கிய காலையில், எனக்கென்று வாங்கிய கம்பளிக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் எனக்கு அதிகாலை வேலை என்றால், எனக்கு முன்னால் எழும்பி, காரை ஸ்டார்ட் பண்ணி, உள்ளே சூடேறும்வரை அந்தக் குளிரில் தனியே உட்கார்ந்திருப்பார். இப்படிப்பட்ட ஒரு மனிதரில் எனக்குக் கோபம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எங்கள் ஆட்கள் ஒருவரும் நம்பவில்லை. எழுபதுகளின் நடுவில் வந்த கோபம். நானே கிழவியாகிவிட்டேன், அது இன்னும் கிழடாகவில்லை.

"ஆக்களுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது." அதுதான் அவருடைய வேதம். கரைச்சல் என்றால் எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் தொந்தரவு. ஆட்கள் என்றால் வெள்ளைக்காரர்கள். அதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே எங்களுக்கு விளங்கியது.

நான் வந்து ஒரு மாதம் இருக்கும். சனிக்கிழமை. லிட்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்து இறைச்சிக் கடையில் ஆட்டிறைச்சி வாங்கி வந்தார். அக்கா பொதியைப் பிரித்துப் பார்த்தால் மாட்டிறைச்சி. எங்கள் வீட்டில் மாடு படாது.

"இஞ்சருங்கோ, மாறிக் கட்டிப்போட்டான். கொண்டுபோய்க் குடுத்து மாத்திக்கொண்டு வாங்கோ," என்றாள் அக்கா.

"அங்க இப்ப சனம் நிக்கும். எல்லாருக்கும் முன்னால போய்ச் சொன்னா அவனுக்கு வெக்கமாப் போகும்."

"அவன்ர பிழைதானே?"

"பாவம், விடும்."

கொல்லைப்புறம் போய் எலுமிச்சை மரத்தடியில் குழி வெட்டி அந்த இறைச்சியைப் புதைத்தார். பிறகு ஓபர்னுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போய், வேறொரு கடையில் ஆட்டிறைச்சி வாங்கி வந்தார். அடுத்த நாள் பக்கத்து வீட்டு நாய் வேலிக்கடியால் நுழைந்து அதைத் தோண்டி எடுத்து, முற்றமெல்லாம் இழுத்துப்போட்டது. அத்தான் என்ன செய்தார் தெரியுமா? நாய்க்காரன் வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டார். நாய்க்கு வயிற்றுவலி வந்தால் வைத்தியச் செலவைத் தான் தருவதாக வேறு சொல்லிவிட்டு வந்தார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, அதில் சிரிப்புத்தான் தெரிந்தது. அக்கா சிரிக்கவில்லை. ரத்தம் பட்ட சிமெந்து முற்றத்தைத் தேய்த்துக் கழுவியவள் அவள்தான்.

அதுதான் விஷயம். அவர் வெளியே கொடுக்காத கரைச்சல் எல்லாம் எங்கே போனது என்று நினைக்கிறீர்கள்? நேராக வீட்டுக்குள் வந்து அக்காவின் தலையில் இறங்கியது.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு, மூச்சு இழுக்கும். ஊரில் மார்கழிப் பனிக்கு இரண்டு நாள் இழுத்துவிட்டுப் போய்விடும். சிட்னிக்கு வந்த பிறகு அது கூடியது. ஏன் கூடியது என்று எனக்குத் தெரியும். கறித்தூளுக்கு மிளகாயும் மல்லியும் வறுக்கும்போது அந்த மணம் அயலட்டைக்குப் போகக்கூடாது என்று அத்தான் குசினி ஜன்னல்களை இறுக்கிச் சாத்துவார். கதவின் கீழ் இடுக்கில் ஈரத் துவாயைச் செருகுவார். அதற்குள் நின்று அக்கா வறுப்பாள். தொண்டையைச் சீவும் அந்தக் காரப் புகையில் இருமி, கண்ணீர் வடித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வறுப்பாள்.

"உங்களுக்கு விசரோ அத்தான்? தொய்வுக்காரியைப் புகைக்குள்ள பூட்டி வைக்கிறீங்கள்," என்று ஒருநாள் கத்தினேன். நான் நர்ஸ். அவர் என்ஜினியர் என்பதற்காக எனக்கு ஒரு பயமும் இல்லை.

அவர் கோபிக்கவில்லை. "அதுக்குத்தானே நானும் உள்ளுக்க நிக்கிறன்," என்றார்.

உண்மைதான். ஒவ்வொரு தடவையும் அவரும் உள்ளே நின்றார். அக்காவுக்குப் பக்கத்தில் நின்று அவரும் இருமினார், அவர் கண்ணும் சிவந்தது. அந்த மனிதரை எங்கே பிடித்து அடிப்பது?

அந்த வீட்டில் ஒன்றரை வருடம்தான் என்னால் இருக்க முடிந்தது. பிறகு பரமட்டாவில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தை, ஃபிஜியிலிருந்து வந்த இன்னொரு நர்ஸோடு சேர்ந்து வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கீழே வீட்டுக்காரக் கிழவி இருந்தாள்.

நான் சொல்ல வந்தது அதற்கடுத்த ஜூலையில் போன ஒரு நடை பற்றி. சிட்னியில் ஜூலைதான் கடும் குளிர்.

அத்தானின் அலுவலகத்தில் மேலதிகாரி இங்கிலாந்தில் பிறந்தவர். அங்கே குளிர்காலத்தில் ஒரு கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக்கு வயல்வெளி வழியாகக் கூட்டமாக நடப்பார்களாம். வந்த நாட்டிலும் அதை விடவில்லை. சிட்னிக்குத் தெற்கே, மேட்டு நிலத்தில், கல்லால் கட்டிய தேவாலயமும் ஓக் மரங்களுமாக இங்கிலாந்தைப் போலவே தெரிகிற இரண்டு கிராமங்களைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒன்றில் தொடங்கி, ஆட்டுப் பண்ணைகளுக்கு ஊடாக நடந்து, மற்றதில் இருக்கும் விடுதியில் சூடான சூப் குடித்து முடிப்பது. வருடா வருடம் அலுவலகம் முழுக்கப் போகும். அந்த வருடம் அவர் அத்தானிடம், "உன் மனைவியையும் கூட்டி வா," என்று சொல்லிவிட்டார். சொன்னால் போதுமே. அக்கா துணைக்கு என்னையும் இழுத்தாள்.

அக்காவுக்கு அன்று நல்ல சந்தோசம். அதையும் சொல்லத்தான் வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாகக் காற்சட்டை போட்டிருந்தாள். பழுப்பு நிற வெல்வெட் காற்சட்டை. பஸ்ஸில் என் காதுக்குள், "பின்னால பாக்க வடிவோ, சொல்லடி," என்று கேட்டுச் சிரித்தாள்.

வாடகை பஸ் எங்களை முதல் கிராமத்துத் தேவாலயத்தடியில் இறக்கிவிட்டு, மற்றக் கிராமத்தில் போய் நிற்கத் திரும்பியது. நான் அந்த நேரம் மற்றப் பெண்களோடு கழிப்பறைக்குப் போயிருந்தேன். அப்போது நடந்ததைப் பிறகுதான் அறிந்தேன். அக்காவின் கைப்பை பஸ்ஸிலேயே தங்கிவிட்டது. இழுப்பு வந்தால் வாயில் அடித்துக்கொள்ளும் பம்பு அதற்குள்தான் இருந்தது.

"இஞ்சருங்கோ, பை பஸ்ஸில. அதுக்குள்ள பம்பு," என்று அக்கா சொன்னாள்.

பஸ் அவர்களுக்கு முன்னால்தான் வளைந்து திரும்பிக்கொண்டிருந்தது. அத்தான் கையைத் தூக்கியிருந்தால் போதும். டிரைவர் நிறுத்தியிருப்பான்.

"எல்லாரும் வெளிக்கிட்டிட்டினம். ஏழு மைல்தானே. அங்க போனா பை அங்க இருக்கும்," என்றார் அத்தான்.

பஸ் போய்விட்டது.

நிலமெல்லாம் உறைபனி. மிதிக்க மிதிக்கப் புல் நொறுங்கியது. எல்லோர் வாயிலிருந்தும் புகை வந்தது. வேலிக்கு வேலி ஏறிக் கடக்க மரப்படி வைத்திருந்தார்கள். மேலதிகாரி கழுத்தில் விசில் தொங்க, கைத்தடியோடு முன்னால் போனார். நான் டொரத்தி என்ற தட்டெழுத்துக்காரியோடு கதைத்துக்கொண்டு நடுவில் நடந்தேன். அவளுக்கு அறுபது வயது இருக்கும், என்னை விட வேகமாக நடந்தாள்.

முதல் மேட்டில் மேலதிகாரி திரும்பி நின்று கை அசைத்து, "பீட்டர்! உன் மனைவிக்கு இடம் பிடித்திருக்கிறதா?" என்று கத்தினார்.

யார் பீட்டர் என்று நான் சுற்றிப் பார்த்தேன். பின்னாலிருந்து எங்கள் அத்தான், "மிகவும் பிடித்திருக்கிறது, சேர்!" என்று பதில் கொடுத்தார்.

டொரத்தியிடம் கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். அவருக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவன் பெயர் பீட்டர். புதிதாக வந்தவரையும் யாரோ பழக்கதோஷத்தில் பீட்டர் என்று கூப்பிட்டார்கள். அவர் திருத்தவில்லை. ஐந்து வருடமாகப் பீட்டர்.

தகப்பன் வைத்த பெயரைச் சொல்லிக்கொள்ள வாய் வராத மனிதர். திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவளும் அப்போதுதான் கேள்விப்படுகிறாள் என்று முகத்தில் தெரிந்தது. சிரிக்க முயன்று, இருமினாள்.

இரண்டாவது மேட்டுக்கு அப்பால் ஒரு பண்ணைக்காரன் வெட்டிய கொப்புகளைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தான். ஈர விறகு. வெள்ளைப் புகை பாதையை மூடிக்கொண்டு நின்றது. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிக் கடந்தோம். அடுத்த மேட்டிலிருந்த வேலியில் நின்று ஆட்கள் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். அத்தானையும் அக்காவையும் காணவில்லை. கடைசியாக வந்தவர்களிடம் கேட்டேன்.

"வந்துகொண்டிருக்கிறார்கள். உன் அக்காவுக்கு மெதுவாக நடந்து காட்சி பார்ப்பதுதான் விருப்பமாம். பீட்டர் சொன்னார்," என்றான் ஒருவன்.

என் அக்கா காட்சி பார்ப்பவள் இல்லை. திரும்பி ஓடினேன்.

புகைக்கு இந்தப் பக்கம், ஒரு வேலிக் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே இழுபட்டது. உதடு நீலம். நான் வார்டில் பார்த்த நிறம். அத்தான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

"பம்பு எங்க?"

"பஸ்ஸில," என்றார்.

"எவ்வளவு நேரமா இப்பிடி?"

"இப்ப சுகமாயிடும், தங்கச்சி. இன்னும் கொஞ்சத் தூரம்தான். மெல்ல மெல்ல நடந்தா..."

"நடக்கிறதோ! இவள் சாகப்போறாள் அத்தான்! ஆக்களைக் கூப்பிடுங்கோ!"

"சத்தம் போடாத. இத்தனை பேரும் லீவு நாளில வந்திருக்கினம். எங்களால எல்லாம் குழம்பும்..."

நான் மேட்டைப் பார்த்துத் திரும்பி, நெஞ்சு வெடிக்க "ஹெல்ப்!" என்று கத்தினேன். ஒருதரம்தான் கத்த முடிந்தது. அடுத்த கணம் கம்பளிக் கையுறை போட்ட ஒரு கை என் வாயைப் பொத்தியது.

முரட்டுத்தனமாக இல்லை. தூங்குகிற வீட்டில் அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவதுபோல, மெதுவாக. "தயவுசெய்து பிள்ளை," என்றார் என் காதுக்குள். பக்கத்தில் அவருடைய மனைவி மூச்சுக்குப் போராடிக்கொண்டு நிற்கிறாள். ஒருநாளும் ஒருவரையும் தொட்டுக் கண்டிக்காத மனிதரின் முதல் பலவந்தம் என் வாயில் வந்து விழுந்தது.

கடித்தேன். கம்பளியோடு சேர்த்து விரலில் பல் இறங்கும்வரை கடித்தேன். கை விலகியதும் மேட்டில் ஏறி ஓடினேன், கத்திக்கொண்டே ஓடினேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் இன்னும் ஆத்திரம் வருகிறது. ஏனென்றால் எல்லாம் அவ்வளவு சுலபமாக நடந்தது. மேலதிகாரி விசிலை ஊதினார். முழுக் கூட்டமும் நின்றது. இரண்டு இளைஞர்கள் பண்ணைவீட்டுக்கு ஓடினார்கள். டொரத்தி தன் கோட்டைக் கழற்றி அக்காவைப் போர்த்தினாள். கொப்பு எரித்த பண்ணைக்காரன் தன் சின்ன லொறியை வயலுக்கு நடுவாலேயே ஓட்டிக்கொண்டு வந்தான். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

அக்காவை முன்னால் ஏற்றி, நானும் ஏறி அவளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். "நீயும் நெருங்கி உட்காரலாம், இடம் இருக்கிறது," என்று பண்ணைக்காரன் அத்தானிடம் சொன்னான்.

"இல்லை, பரவாயில்லை, நான் பின்னால் இருக்கிறேன்," என்றார். அந்தக் குளிர்க் காற்றில், வைக்கோல் கட்டுக்கும் நாய்க்கும் நடுவில், கடிபட்ட விரலைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஒட்சிசன் வைத்தார்கள். அக்காவின் தோள்கள் கீழே இறங்க வெகுநேரம் எடுத்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் என்னிடம் தனியே சொன்னார்.

மத்தியானம் தாண்டி மேலதிகாரி கைப்பையோடு வந்தார். சேறு பட்ட சப்பாத்தோடு வார்டு வாசலில் நின்றார்.

"பீட்டர், ஏன் என்னிடம் சொல்லவில்லை? பஸ்ஸை நிறுத்தியிருப்பேன். எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பேன். எங்களை நீ என்னவென்று நினைத்தாய்?"

அந்தக் கிழவருக்குக் கண் கலங்கியிருந்தது. அத்தான், "மன்னிக்க வேண்டும் சேர், எல்லோருடைய நாளும் கெட்டுப்போனது," என்றார்.

எனக்குள் ஏதோ அறுந்தது. "இவர் பெயர் பீட்டர் இல்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். முழுப் பெயரையும் சொன்னேன். "ஐந்து வருடமாக ஒருத்தர்கூடக் கேட்கவில்லையா?"

அவர் என்னைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். "அது பரவாயில்லை என்று இவரே சொன்னாரே," என்றார். பொய் சொல்கிறவர் முகம் இல்லை. அப்படிச் சொல்லியிருப்பார் எங்கள் ஆள். ஆனாலும், ஒரு மனிதன் தன் பெயர் போனால் பரவாயில்லை என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்வதா? பஸ்ஸை நிறுத்தியிருப்பார்களாம். நல்ல மனிதர்கள்தான். அவர்களிலும் எனக்குக் கோபம்தான்.

அவர் போன பிறகு நர்ஸ் ஒருத்தி படுக்கையைச் சரிசெய்ய வந்தாள். அத்தான் எழுந்து நின்று, "உங்களுக்கு வீண் வேலை வைத்துவிட்டோம்," என்று அவளிடமும் மன்னிப்புக் கேட்டார்.

அக்கா முகத்திலிருந்த மாஸ்க்கைக் கழற்றினாள். குரல் சரியாக வரவில்லை.

"வெளிய போங்கோ," என்றாள் அவரிடம். "எனக்குக் கொஞ்சம் மூச்சு விட வேணும்."

அவர் போனார். சத்தம் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் அக்கா லிட்கம் வீட்டுக்குப் போகவில்லை, என்னோடு பரமட்டாவுக்கு வந்தாள். எழுபதுகளில் சிட்னியில் இருந்த கொஞ்சத் தமிழ்க் குடும்பங்களுக்கும் அது பெரிய கதை. ஒரு அன்ரி போன் எடுத்து, "அந்தத் தங்கமான மனுசனை விட்டிட்டு உம்மட அக்கா ஏன் வந்தவ? குடிக்கிறாரோ, அடிக்கிறாரோ?" என்று கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.

வேலை முடிந்து வந்து ஒவ்வொரு மாலையும் அத்தான் எங்கள் வீட்டுக்கு எதிர் நடைபாதையில் நின்றார். தெருவாசலில் மணி இருந்தது. அதை அடித்தால் கீழே இருக்கிற வீட்டுக்காரக் கிழவிதான் எழும்பி வந்து திறக்க வேண்டும். அதனால் அடிக்கமாட்டார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் ஜன்னலைப் பார்த்தபடி இருட்டும்வரை நிற்பார். பிறகு போய்விடுவார். மழையிலும் நின்றார்.

"மணியை அடிச்சா நான் இறங்கிப் போவன்," என்றாள் அக்கா.

ஒரு கிழமை போனது. இன்னொரு கிழமையும் போனது. அவர் அடிக்கவில்லை. ஜன்னலால் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு எதையாவது எடுத்து அவர் மேல் எறியவேண்டும்போல் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். நான் மேலிருந்து பார்த்தேன். தெருவைக் கடந்தாள். அவர் கையைப் பிடித்து, பள்ளிக்கூடம் போக மறுக்கும் பிள்ளையைக் கூட்டி வருவதுபோல இந்தப் பக்கம் கூட்டி வந்தாள். எங்கள் வாசலில் நிறுத்தினாள்.

"அடியுங்கோ," என்றாள்.

"நீர்தான் வந்திட்டீரே."

"அடியுங்கோ."

வெகுநேரம் நின்றார். பிறகு அடித்தார். கிழவி முனகிக்கொண்டு வந்து திறந்தாள். யார், என்ன வேண்டும் என்று கேட்டாள். அக்கா வாயைத் திறக்கவில்லை. "என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போக வந்தேன்," என்றார் அத்தான். கிழவிக்குக் காது மந்தம். என்னவென்று மறுபடி கேட்டாள். அவர் இன்னும் சத்தமாகச் சொல்லவேண்டியிருந்தது. தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா பெட்டியை எடுக்க மேலே வந்தாள். நான் உதவவில்லை. சுவரில் சாய்ந்து நின்றேன்.

"அந்த மனுசன் திருந்தாது அக்கா. ஒருநாள் மணி அடிச்சதுக்கு நீ போறியோ?"

"அவருக்காகப் போகேல்லை," என்றாள், உடுப்புகளை மடித்து வைத்தபடி. "அண்டைக்குப் பஸ் எனக்கு முன்னாலயும்தானே திரும்பினது. எனக்கும் கை இருந்தது. அவரைப் பாத்துக்கொண்டு நிண்டன். இனி நான் ஆரின்ர முகத்தையும் பாத்துக்கொண்டு நிக்கமாட்டன். அதை என்ர வீட்டில இருந்து செய்யப்போறன்."

"குசினி ஜன்னல்?"

"திறப்பன். மணக்கட்டும்."

பெட்டியைப் பூட்டினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னில கோவமோ?"

"உன்னில இல்லை. அவரில. எனக்கு ஆறாது அக்கா, சொல்லிப்போட்டன்."

"ஆற வேண்டாம்," என்றாள். "நீ வைச்சிரு. அந்த மனுசனோட இருந்தா எனக்கு மறந்துபோகும்."

கீழே அத்தான் கிழவியிடம் எதற்கோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பது கேட்டது. அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் நின்று, சிட்னி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"இஞ்சருங்கோ! கதைச்சது போதும். மேல வந்து பெட்டியைத் தூக்குங்கோ!"